பொலிஸ் இல்லாத இடத்தில் சட்டம்: அந்தாட்டிக்கா

பட்டிருப்புப் பொடியன்
6 செப்டெம்பர் 2025, இரவு 9.40

அந்தாட்டிக்காவில் பென்குயினைத் தொட்டால் குற்றம், ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தாலும் குற்றம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அங்கே அரசாங்கம் இல்லை, பொலிஸ் இல்லை, நீதவான் இல்லை. ஒருவன் பென்குயினைப் பிடித்துக் கறி வைத்தால் யார் வந்து கேட்பது? இங்கே இலங்கையில் வனவிலங்குத் திணைக்களம், பொலிஸ், கோடு கச்சேரி எல்லாம் இருந்தும் யானை செத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது சும்மா கடதாசிச் சட்டம்தானே?

கல்லடிக் குசினி
6 செப்டெம்பர், இரவு 11.15

கேட்பார்கள். நானே ஒரு கோழி எலும்புக்காக இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பதில் சொன்னவன். நித்திரை வருகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

7 செப்டெம்பர், காலை

2017 நவம்பரிலிருந்து இரண்டு சீசன் ஒரு சுற்றுலாக் கப்பலில் குசினி வேலை. ஆர்ஜென்டினாவின் உசுவாயா துறையில் ஏறி, டிரேக் நீரிணையில் இரண்டு நாள் குடலைப் பிடுங்கும் ஆட்டம் ஆடி, அந்தாட்டிக்கத் தீபகற்பத்துக்குப் போய்த் திரும்புவோம். அதனால் சட்டத்தை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, குப்பை வாளியில்.

பொலிஸ் யாருடையது என்பதுதான் கேள்வி. 1959 டிசம்பர் 1இல் வாஷிங்டனில் 12 நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. தெற்கே 60 பாகைக்குக் கீழே இருப்பதெல்லாம் அதற்குள் வரும். ஏழு நாடுகள் அங்கே ஆளுக்கொரு துண்டைத் தங்கள் நிலம் என்கின்றன. ஆர்ஜென்டினா, சிலி, பிரித்தானியா மூன்றும் சொல்லும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒப்பந்தம் இந்தக் காணிச் சண்டையைத் தீர்க்கவில்லை, அப்படியே உறையவைத்துவிட்டது. ஆகவே நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. சட்டம் ஆளோடு வரும். அமெரிக்காவுக்கு 1978 சட்டம், பிரித்தானியாவுக்கு 1994 சட்டம், இந்தியாவுக்கு 2022 சட்டம். இந்தியச் சட்டத்தில் அங்கே போய்க் கனிமம் தோண்டினால் 7 ஆண்டு வரை சிறை. பென்குயின் கறி வைத்தவன் ஊருக்குத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? அங்கே வைத்துப் பிடிப்பார்கள்.

அதைவிடப் பெரிய பிடி அனுமதிப் பத்திரம். கப்பல் புறப்படுவதற்கு முன்பே அமைப்பாளர் தன் நாட்டில் அனுமதி எடுக்க வேண்டும். எங்கே இறங்குவோம், எத்தனை பேர், குப்பையை என்ன செய்வோம், எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பிழை நடந்தால் அடுத்த வருட அனுமதி போய்விடலாம். கப்டனுக்குப் பொலிஸைவிட அந்தக் கடதாசியில்தான் பயம்.

7 செப்டெம்பர், பின்னேரம்

கோழி எலும்புக் கதை.

குசினியில் சாப்பாட்டுக் கழிவை மற்றக் கடல்களில் போடுவதுபோல அங்கே போட முடியாது. அரைத்து, ஒரு அங்குலத்துக்கு மேல் துண்டு இல்லாமல் சல்லடையில் விழ வேண்டும். நிலத்திலிருந்தும் பனித்தட்டிலிருந்தும் 12 கடல் மைலுக்கு அப்பால்தான் கொட்டலாம். ஆனால் கோழி அதிலும் சேராது. கோழி, தாரா, வான்கோழி, எந்தப் பறவையின் எலும்பும் தோலும் கிருமி கொன்ற பிறகல்லாமல் அந்தக் கடலில் விழக்கூடாது. நியூகாசில் என்ற கோழி நோய் மாதிரி ஏதாவது பென்குயினுக்குத் தொற்றினால் அங்கே மிருக வைத்தியர் இல்லை. அதனால் எங்கள் குசினியில் கோழிக்கென்று தனி வாளி, சிவப்பு மூடி.

ஒரு இரவு புதிதாக வந்த பொடியன் ஒருவன் பயணிகளின் தட்டுகளை வழித்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் தட்டிவிட்டான். இரவு இரண்டு மணிக்கு எங்களை எழுப்பினார்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, கையுறை போட்டு, நாலு பேர் குந்தியிருந்து உருளைக்கிழங்கு வேறு, எலும்பு வேறு என்று பிரித்தோம். பதினொரு துண்டு. பெரிய சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர், சத்தம் போடவே இல்லை, ஒவ்வொன்றாக எண்ணினார். அதுதான் பயமாக இருந்தது.

9 செப்டெம்பர்

“கல்” பற்றிப் பொடியன் திரும்பவும் கேட்கிறார். ஆம், கல், எலும்பு, இறகு, பாசி எதையும் எடுக்கக்கூடாது. தொடுவது அடுத்த கதை, 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பென்குயினுக்கு அந்த அளவு தெரியாது. அது வந்து உங்கள் காலணியைக் கொத்தினால் நீங்கள் அசையாமல் நில்லுங்கள், அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் கரையில் 100 பயணிகள்தான். 500க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் ஆளை இறக்கவே முடியாது, கடலில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். 20 பேருக்கு ஒரு வழிகாட்டி.

11 செப்டெம்பர்

குசினிக்காரருக்குக் கரை இறங்கச் சீசனுக்கு ஒரு முறை வாய்த்தால் பெரிய காரியம். எனக்கு நெக்கோ துறையில் வாய்த்தது. முதல் நாள் இரவு சோதனை. யக்கெற், தொப்பி, பை எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொன்னார்கள். வெக்குவம் கிளீனரை எடுத்துப் பொக்கற்றுக்குள் எல்லாம் உறிஞ்சினார்கள். அப்புறம் ஒரு பெண் என் பையை விளக்கின் கீழே வைத்துக்கொண்டு, சவணம் போன்ற சின்ன இடுக்கியால் தையல் மடிப்பிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். பார்த்தால் நாயுருவி விதை! எங்கள் வீட்டுக் கோடிப்புறத்து நாயுருவி. ஏழு விதை, கூடவே இரண்டு புல் விதை, கொஞ்சம் கல்லடிக் கடற்கரை மணல்.

“இது என்ன செடி?” என்று கேட்டார். பல்லுக் குச்சி என்றேன். விளங்கவில்லை. நான் நாயுருவி வேரால் பல் துலக்கிக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அந்தத் தாளை மடித்துத்தான் எரிக்கக் கொடுத்தார்கள்.

நாயுருவி அந்தக் குளிரில் முளைக்காது என்று நான் வாதாடினேன். அப்போதுதான் அவர் அந்தாட்டிக்காவின் கிங் ஜோர்ஜ் தீவுக் கதையைச் சொன்னார். போலந்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் ஐரோப்பாவின் சாதாரண முற்றத்துப் புல் ஒன்று வேர் பிடித்துவிட்டது. ஆளின் செருப்போடு, சாமானோடு வந்தது. பிடுங்கப் பிடுங்க வருகிறதாம்.

இறங்கும்போதும் ஏறும்போதும் இளஞ்சிவப்பு மருந்துத் தண்ணீரில் காலணியை முக்கித் தேய்க்க வேண்டும். கரையில் கால் வைத்ததும் முதலில் வந்தது மணம்தான், பாலமீன்மடுக் கருவாட்டு வாடியேதான். அழகு மறுகாதான் கண்ணில் பட்டது.

13 செப்டெம்பர்

நாய் வளர்க்கும் தங்கச்சி ஒருவர், பனியில் சறுக்கு வண்டி இழுத்த நாய்களுக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார். வெளியேற்றிவிட்டார்கள். 1994 ஏப்ரல் 1க்குப் பிறகு அங்கே ஒரு நாய்கூட இருக்கக்கூடாது என்று, அந்தாட்டிக்கச் சூழலைப் பாதுகாக்கப் போட்ட 1991 மட்ரிட் உடன்படிக்கையின் இணைப்பில் எழுதியிருக்கிறது. நாயிலிருந்து கடல் நாய்களுக்கு நோய் தொற்றும் என்ற பயம். பிரித்தானியரின் கடைசி நாய்கள் அந்த வருடம் பெப்ரவரியில் புறப்பட்டன. பாவம்தான். ஆனால் கல்லடிக் கடற்கரையில் ஆமை முட்டைக் குழியை எங்கள் ஊர் நாய்கள் கிண்டியதைப் பார்த்தவன் நான், அந்த இணைப்பை எழுதியவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. முட்டையை நாய் மட்டுமா தின்றது? சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அவித்திருக்கிறார்கள்.

15 செப்டெம்பர்

ரெஜிபோம். அந்த வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கை அந்தாட்டிக்காவுக்குள் கொண்டுபோகவே தடை. பூச்சி மருந்துக்கும் தடை, கிருமி நீக்காத மண்ணுக்கும் தடை, பூச்சாடி ஒன்று கொண்டுபோக முடியாது. இங்கே 2017 செப்டெம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் லஞ்ச் ஷீட்டையும் தடை செய்தார்கள். மீன் பெட்டி அப்படியே இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் போய்ப் பாருங்கள், உடைந்த மீன் பெட்டி கண்டல் வேருக்குள் கிடந்து மணி மணியாக உதிர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் உப்பு பூத்த மாதிரி. அள்ளவும் முடியாது, காற்றுக்குப் பறக்கும்.

16 செப்டெம்பர்

திருத்தம். சட்டம் படித்த ஒருவர் தனிச் செய்தியில் பிழை பிடித்தார். தடை ரெஜிபோம் முழுவதற்கும் இல்லை. பொதி கட்டும்போது போடும் மணி, சீவல், அந்த மாதிரியானவற்றுக்குத்தான். கட்டடச் சுவருக்குள் குளிர் தாங்க வைக்கும் பலகை வேறு. சரி, ஒத்துக்கொள்கிறேன். உதிர்கிறதைத்தான் தடுத்திருக்கிறார்கள், அதுதானே வாவியில் நம் பிரச்சினையும்.

18 செப்டெம்பர்

பொடியன்: “2048இல் ஒப்பந்தம் முடிகிறதாம், அப்புறம் எல்லா நாடும் எண்ணெய் தோண்டுமாம்.”

ஆம், 2048இல் காலாவதி. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

19 செப்டெம்பர்

நேற்று எழுதியது பிழை. கப்பலில் விரிவுரையாளர் ஒருவர் இதைத்தான் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னார், நான்தான் மறந்துபோனேன். எதுவும் காலாவதியாகாது. கனிமம் தோண்டுவதைத் தடுக்கும் மட்ரிட் உடன்படிக்கை 1998 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 50 ஆண்டு கழிந்தால், வாக்குரிமையுள்ள எந்த நாடும் அதை மீளாய்வு செய்ய ஒரு மாநாடு கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். கனிமத் தடையை நீக்க வேண்டுமானால் 1991இல் வாக்குரிமை வைத்திருந்த 26 நாடுகளும் ஒன்றுவிடாமல் ஏற்க வேண்டும், பதிலுக்குத் தோண்டலைக் கட்டுப்படுத்தும் வேறு சட்டமும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று தெரியுமா? தடைக்கு முன்னே அவர்கள் தோண்டுவதற்குத்தான் சட்டம் எழுதினார்கள். 1988இல் வெலிங்டனில் கனிம ஒப்பந்தம் தயார். அடுத்த வருடம் ஜனவரியில் ஆர்ஜென்டினாவின் பாகியா பராயிசோ கப்பல் அமெரிக்க நிலையம் ஒன்றுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி ஆறு லட்சம் லீற்றர் அளவில் டீசல் கொட்டியது. மார்ச்சில் அலாஸ்காவில் எக்சன் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் கொட்டியது. அவுஸ்திரேலியாவும் பிரான்சும் கையெழுத்துப் போடமாட்டோம் என்று நின்றுவிட்டன, ஒப்பந்தம் அப்படியே செத்தது. இரண்டு வருடத்தில் முழுத் தடை. எண்ணெய் கொட்டாமல் இருந்திருந்தால் இன்று அங்கே கிணறு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

21 செப்டெம்பர்

இனி என் சொந்த வயிற்றெரிச்சல். கூனி.

வாவியில் பிடிக்கிற கூனி என்ற பொடி இறாலை வறுத்துத் தேங்காய்ப்பூவோடு சம்பல் போட்டால் நான் வேறு கறி கேட்கமாட்டேன். அந்தாட்டிக்கக் கடலில் அதற்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறது, கிறில். கிட்டத்தட்ட ஆறு சென்ரிமீற்றர் வளரும், ஆறு வருடம் வரை உயிர் வாழும். திமிங்கிலம், கடல் நாய், பென்குயின் எல்லாம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. கரையில் பென்குயின் எச்சம் இளஞ்சிவப்பாகக் கிடப்பது அதனால்தான்.

நான் இதுவரை சொன்னதைப் படித்தவர்கள், அங்கே எல்லாம் பத்திரம் என்று நினைத்திருப்பீர்கள். கோழி எலும்புக்கு இவ்வளவு கெடுபிடி. ஆனால் என் கப்பல் ஜன்னலுக்கு வெளியே, திமிங்கிலம் மூச்சு விடுகிற அதே கடலில், கிறில் இழுக்கிற கப்பல்கள் நின்றன. அதுவும் சட்டப்படிதான். 1980இல் கன்பராவில் கையெழுத்தான கடல் உயிரின ஒப்பந்தம் இருக்கிறது, ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஹோபார்ட்டில் கூடுவார்கள். அட்லாண்டிக் பக்கக் கடலுக்கு வருடத்துக்கு 6,20,000 தொன் என்று ஓர் எல்லை. அதை நாலு பகுதிக்குப் பிரித்து, ஒரே இடத்தில் குவியாமல் வைத்திருந்தார்கள். பிரிக்கிற விதி 2024இல் காலாவதியானது, புதுப்பிக்க எல்லோரும் ஒத்துவரவில்லை. 2025இல் கப்பல்கள் பென்குயின் உள்ள பக்கம் குவிந்தன. ஓகஸ்ட் தொடக்கத்திலேயே எல்லை முட்டி, மூடினார்கள். எல்லை முட்டியது இதுதான் முதல் தடவை. அவ்வளவும் எங்கே போகிறது? வளர்ப்பு மீன் தீனிக்கும், எண்ணெய் மாத்திரைக்கும்.

அங்கே ஒரு நாடு தலையாட்டாவிட்டால் எதுவும் நடக்காது. 2016இல் றொஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கினார்கள், இலங்கையைப் போல 23 மடங்கு. அதற்குப் பிறகு வந்த திட்டங்களைச் சீனாவும் ரஷ்யாவும் வருடா வருடம் தடுக்கின்றன. ஆக, பொடியா, உன் “கடதாசிச் சட்டம்” முழுப் பிழை இல்லை. காசு இல்லாத இடத்தில் சட்டம் நன்றாக வேலை செய்கிறது.

22 செப்டெம்பர்

மேலே கடைசி வரி கொஞ்சம் அதிகம். காசு இருந்த இடத்திலும் பிடித்திருக்கிறார்கள். தண்டர் என்று ஒரு கள்ளக் கப்பல், ஆழ்கடல் பல்மீன் திருடியது, இன்டர்போல் தேடியது. 2014 டிசம்பரில் ஒரு தொண்டர் கப்பல் அதைத் தென்கடலில் கண்டு, விடாமல் 110 நாள் பின்னாலேயே போனது. ஆபிரிக்காவின் சாவோ தோமே பக்கம் வந்து தண்டர் மூழ்கியது, தானாகவே மூழ்கடித்தார்கள் என்றுதான் எல்லோருக்கும் சந்தேகம். மூழ்கியவர்களைத் துரத்தியவர்களே ஏற்றிக் காப்பாற்றினார்கள். கப்டனைச் சாவோ தோமே நீதிமன்றம் தண்டித்தது. துரத்தியது பொலிஸ் இல்லை என்பதைப் பொடியன் கவனிக்க.

28 செப்டெம்பர்

அக்கரைப்பற்று வட்டைக்காரர், அதாவது வயல்காரர் ஒருவர் எழுதியதை அப்படியே போடுகிறேன், பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

“தம்பி, நீங்க நல்லா எழுதுறீங்க. அங்க வயல் இல்ல. வேளாண்மை செய்ற மனுசன் இல்ல. பரண்ல நித்திரை முழிச்சு யானை வெடி போடுற வாப்பா இல்ல. ஆள் இல்லாத ஊருக்குச் சட்டம் எழுதுறது லேசு. எங்கட வட்டைக்கு வந்து ஒரு பெரும்போகம் இரிந்து பாருங்க.”

போன ஞாயிறு அவரிடமே போனேன். மோட்டார் சைக்கிளில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுப் பக்கம் கூட்டிப்போனார். 2022 ஜனவரியில் உலகமெல்லாம் படம் போட்ட இடம், எட்டு வருடத்தில் சுமார் 20 யானை அங்கே பிளாஸ்டிக் தின்று செத்ததாக அப்போது செய்தி. யானையைக் காணவில்லை, இலத்தியைக் கண்டோம். காய்ந்த ஒன்றை அவர் கம்பால் பிரித்தார். புல் நாருக்கு நடுவே ஒரு சொப்பிங் பேக், சுருட்டிய துணி மாதிரி முழுசாக. அதன் கைபிடி முடிச்சுக்கூட அவிழவில்லை. கடையில் கட்டிக் கொடுத்த முடிச்சு.

மட்ரிட் இணைப்பில் குப்பைக்கு ஒரு விதி: பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தவன் திரும்பக் கொண்டுபோக வேண்டும். திறந்த வெளியில் எரிப்பதையும் 1999க்குள் நிறுத்தச் சொன்னார்கள். இதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். “எங்க கொண்டுபோறது? இதுதானே எங்கட வீடு” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நம்மிடம் 1937இலிருந்து வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அந்தாட்டிக்க ஒப்பந்தத்தைவிட 22 வயது மூப்பு. அதில் யானையைக் கொல்லாதே என்று இருக்கிறது. யானையின் வாயருகே சோற்றுப் பையைக் கொட்டுவது அதில் எங்கே வரும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். கப்பலில் எலும்பு வாளியில் விழும்போதே பிடித்தார்கள். இங்கே யானை விழுந்த பிறகு பிரேத பரிசோதனை.

ஆனால் வட்டைக்காரர் சொன்னதும் சரி. நான் ஒப்பிட்டது நியாயமில்லை. பென்குயின் யாருடைய வேளாண்மையையும் மிதிக்கவில்லை.

4 ஒக்டோபர்

கோழி எலும்புக் கதைக்கு ஒரு பின்குறிப்பு, இது எனக்கே கசப்பு. 2023 ஒக்டோபரில் அந்தாட்டிக்காவுக்கு வடக்கே உள்ள தென் ஜோர்ஜியாவின் பேர்ட் தீவில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2024 பெப்ரவரியில் அந்தாட்டிக்க நிலப்பகுதியிலேயே, செத்த கடற்பறவைகளில் கண்டார்கள். கப்பலில் வரவில்லை, குசினியில் வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து பறவைகளோடு பறந்து வந்தது. தார்ப்பாயில் குந்தியிருந்து பதினொரு எலும்பு பொறுக்கியது ஞாபகம் வந்தது.

இப்போது கரையில் குந்தக்கூடாது, முழந்தாளிடக்கூடாது, பையைக் கீழே வைக்கக்கூடாதாம். இன்னும் கப்பலில் இருக்கும் கூட்டாளி சொன்னான், வயதான பயணிகளுக்குத்தான் கஷ்டம் என்று.

5 ஒக்டோபர்

இலங்கை அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. இந்தியா 1983இலும் பாகிஸ்தான் 2012இலும் சேர்ந்தன. அப்படியென்றால் என்னை எந்தச் சட்டம் கட்டியது? கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அதன் சட்டம், அனுமதி கொடுத்த நாட்டின் சட்டம். நம் நாட்டுச் சட்டம் ஒன்றும் என்னோடு வரவில்லை. முதல் நாள் “சட்டம் ஆளோடு வரும்” என்று எழுதினேனே, என் விஷயத்தில் கப்பலோடுதான் வந்தது.

நாம் வாயே திறக்கவில்லை என்றும் இல்லை. கடல் சட்ட மாநாட்டின் தலைவராக இருந்த நம் நாட்டுத் தூதர் ஷெர்லி அமரசிங்க, அந்தாட்டிக்கா சிலருக்கு மட்டுமல்ல, எல்லோர் நன்மைக்கும் என்ற கருத்தை 1975இலேயே ஐ.நா.வில் பேசியிருக்கிறார்.

12 ஒக்டோபர்

வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்கும் தம்பிமாருக்கு ஒரே தடவையாக: கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், கடலோடிக்கான மருத்துவச் சான்றிதழ், குசினி அனுபவம். முகவரிடம் முன்காசு கொடுக்காதீர்கள், நான் ஒருவனிடம் கொடுத்து இழந்தேன். குளிருக்கு இங்கே வாங்கும் யக்கெற் உதவாது, கப்பலில் தருவார்கள். பையைப் புதிதாக வாங்குங்கள். பழைய பையைத்தான் கொண்டுபோவேன் என்றால், முற்றத்தில் உதறிவிட்டு உள்ளே நாயுருவி இருக்கிறதா என்று பாருங்கள்.